நெற்றியா, பிடரியா?

என் மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். மனதளவில் எப்படி என்பது, இதைப் படித்துவிட்டு நீங்கள் எடுக்கப்போகிற முடிவைப் பொறுத்தது. உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்றும், மருமகள் உங்களுக்குச் சர்க்கரை இல்லாத தேநீர் கொடுப்பதை நிறுத்தியிருப்பாள் என்றும், பேரன் கணக்கில் தேறியிருப்பான் என்றும் நம்புகிறேன். இதில் ஒன்றாவது நடந்திருந்தால் நீங்கள் நல்ல மனநிலையில் இருப்பீர்கள். உங்கள் நல்ல மனநிலை எனக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, விசாரணை நீதிபதி முன்னிலையில், நாட்டு ஸ்தாபகர் நினைவு இல்லத்தின் பின்பக்கச் சின்ன அறைச் சுவரில் உங்கள் தலையைச் சாய்த்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். பேசக்கூட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நல்லது. வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். "இவனுக்கு என்ன பைத்தியமா?" என்று நீங்கள் உங்கள் மகனிடம் கேட்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. பைத்தியம் எனக்கு இல்லை மச்சான், நாட்டுக்கு.

அந்த வீட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதி ஆயுளை அங்கே காவலாளாகக் கழித்தவர் நீங்கள். முன்கூடத்தில் ஸ்தாபகரின் மேசை, கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, மாடியில் அவர் படுத்த கட்டில், எல்லாம் நீங்கள் விட்டுப்போன இடத்தில் அப்படியே இருக்கின்றன. துடைப்பமும் வாளியும் வைக்கிற சின்ன அறையும் அப்படியேதான் இருந்தது. மதியம் ஆனால் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற அந்தப் பெரிய மரத்திலிருந்து காற்று மெதுவாக உள்ளே வரும். இலை நிழல் தரையில் வந்து படுக்கும், நகரும், மறுபடி படுக்கும். ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று உட்கார்ந்தால் முட்டி கழன்று, தோள் கழன்று, கடைசியில் நாம் யார், எந்தச் சம்பளத்துக்கு இங்கே இருக்கிறோம் என்பதெல்லாம் கழன்றுவிடும். நான் உங்களுக்கு உதவியாளாக வந்து சேர்ந்த முதல் நாள் உங்களைத் தேடிக்கொண்டு அந்த அறைக்கு வந்தேன். முதலில் பார்த்தது திறந்திருந்த உங்கள் வாயை. அதற்குமேல் சுவரில், உங்கள் தலையைச் சுற்றி, எண்ணெய் ஊறிய அந்தக் கறை. எத்தனையோ வருஷத்துத் தலையெண்ணெய். நல்ல பழுப்பு நிறம், வெயில் பட்டால் பளபளக்கும். எங்கெங்கோ போய்விட்டேன். வெள்ளையடிப்புக்கு வருகிறேன்.

நாடு பிறந்து நூறு வருஷம் ஆகிறது இல்லையா, அதற்காக இல்லத்தின் புது இயக்குநர் அம்மா ஒரு உத்தரவு போட்டார். வீட்டில் ஒரு அறை விடாமல் மக்கள் பார்வைக்குத் திறக்க வேண்டும், துடைப்ப அறை உட்பட. அந்த அறைக்கு யாரும் என்றைக்குமே வெள்ளையடித்ததில்லை. நான் சுண்ணாம்பைக் கரைத்து, வெள்ளையடிக்கிற பிரஷ்ஷோடு சுவர் முன்னால் நின்றேன். நின்றவன் அடிக்கவில்லை. மதியம், காற்று, நிழல். கையைத் தூக்கியபடியே கொஞ்சம் கண் அசந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, கழிப்பறையைத் தேடி வழி தவறிய ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை உள்ளே வந்தார். கறையைப் பார்த்தார். "இது என்னப்பா?" என்றார். நான் பாதித் தூக்கத்தில், "தலை வெச்ச இடம்மா" என்றேன். யார் தலை என்று சொல்வதற்குள் அவர் தரையில் முழங்காலிட்டு விம்ம ஆரம்பித்துவிட்டார். "இங்கதான் அவர் நெத்திய வெச்சு வேண்டிக்கிட்டாரா! இதையா அழிக்கப் பார்த்தே, பாவி!" என்று என் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கினார். பிடுங்குவதற்கு முன்னால் ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் நாடு முழுக்கப் போய்விட்டது. "ஸ்தாபகர் நெற்றி பதித்துப் பிரார்த்தித்த சுவரும், அதை அழிக்க நீண்ட கையும்" என்று கீழே எழுதியிருந்தார்கள். அந்தக் கை என்னுடையது. சட்டையின் முழங்கைப் பக்கம் கிழிசல் தெரிந்தது. ஊருக்கெல்லாம் சீருடை தைத்துக் கொடுப்பவளின் புருஷன் கிழிசல் சட்டையோடு நாடறிய நின்றுவிட்டேன் என்று உங்கள் தங்கை அன்று முழுக்கத் தையல் இயந்திரத்தை மிதித்த வேகத்தில் எனக்குக் காது அடைத்தது.

இப்போது நாட்டில் நடக்கிற சண்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நூறாவது வருஷத்தை முன்னிட்டு அரசியல் சட்டத்தின் முதல் வரியில் கடவுளைச் சேர்ப்பதா, வேண்டாமா என்று. ஸ்தாபகர் என்ன நினைத்தார் என்று தெரிந்தால் சண்டை முடிந்துவிடும் என்கிறார்கள். பாவம், அவர் நீண்ட நாள் இருந்து நிறையப் பேசிவிட்டார். தேடினால் இந்தப் பக்கத்துக்கும் ஒரு பேச்சு கிடைக்கிறது, அந்தப் பக்கத்துக்கும் ஒரு பேச்சு கிடைக்கிறது. அப்படி இரண்டு பக்கமும் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் மச்சான், உங்கள் தலை கிடைத்தது.

அது நெற்றி என்று ஒரு கூட்டம் வந்தது. ஸ்தாபகர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முன்னால் குனிந்து, நெற்றியைப் பதித்துக் கடவுளிடம் பேசினார் என்றார்கள். மறுநாளே, இல்லை, அது பிடரி என்று இன்னொரு கூட்டம் வந்தது. ஸ்தாபகர் சுவரில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, பிரார்த்தனைக்கெல்லாம் நேரமில்லாமல் சட்டப் புத்தகங்களைப் படித்தார் என்றார்கள். நான் சௌகரியத்துக்காக இவர்களை நெற்றிக் கட்சி, பிடரிக் கட்சி என்று சொல்லிக்கொள்கிறேன். நெற்றிக் கட்சித் தலைவர் நல்ல பருமன், குரல் இன்னும் பருமன், பேசும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பிடரிக் கட்சிக்கு ஒரு பேராசிரியர். ரசமட்டக் கட்டையும் அளவு நாடாவுமாக வந்து சுவரை அங்குலம் அங்குலமாக அளந்தார். "நெற்றியாக இருந்தால் முதலில் மூக்கு இடிக்கும்" என்றார் பேராசிரியர். "பக்தி இருக்கறவனுக்கு இடிக்காது" என்றார் தலைவர். அன்றைக்கு எல்லாத் தொலைக்காட்சியிலும் மூக்கைப் பற்றித்தான் பேச்சு.

நான் எதையும் மறைக்கவில்லை மச்சான். ஆரம்பத்திலேயே இரண்டு பேரிடமும் போய்ச் சொன்னேன். "ஐயா, அது என் மச்சான் தலை. மதியத்துல அங்க சாஞ்சு தூங்குவார். நானே பாத்திருக்கேன்." தலைவர் என் தோளில் கையைப் போட்டு, கண்ணீரோடு, "யாருப்பா உன்னை இப்படிச் சொல்லச் சொன்னது? அந்தப் பேராசிரியர்தானே?" என்றார். சரி, பேராசிரியராவது சந்தோஷப்படுவார் என்று அவரிடம் ஓடினேன். அவர் முகம் சுண்டிப்போனது. "நெற்றி இல்லைன்னு சொல்றீங்க, சரி. ஆனா பிடரியும் இல்லைன்னு ஆயிடுமே" என்றார். அப்புறம் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "ஆய்வு முறைப்படி பார்த்தா உங்க மச்சானுக்கு இதுல இடமே இல்லை" என்று முடித்துவிட்டார். நீங்கள் சாய்ந்த சுவரில் உங்களுக்கே இடமில்லை.

இதெல்லாம் போகட்டும், என் வீட்டிலாவது என்னை நம்புவார்கள் என்று பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் தொலைக்காட்சியில் மூக்கு விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு சத்தமும் உங்க அண்ணன் தூங்கினதுக்கு" என்றேன். உங்கள் தங்கை தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டாள். "எங்க அண்ணனா? வேலை நேரத்துலயா? எங்க அண்ணன் கண்ண மூடி நான் பார்த்ததே இல்லை" என்றாள். சுவரில் மாட்டியிருக்கிற உங்கள் படத்தைக் காட்டினாள். மந்திரி உங்கள் சட்டையில் கண்ணயராப் பணிப் பதக்கத்தைக் குத்துகிற படம். "எத்தனை தடவை திடீர்னு சோதனைக்கு வந்தாங்க! ஒரு தடவையாவது தூங்கிப் பிடிச்சாங்களா?" என்றாள். உண்மைதான், ஒரு தடவைகூட நீங்கள் பிடிபட்டதில்லை. அது எப்படி என்று எனக்கு இன்றுவரை தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நாட்டுக்கு யார் ஸ்தாபகராக இருந்தாலும் இந்த வீட்டுக்கு நீங்கள்தான். அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவர் நீங்கள். உங்களைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லிவிட்டு அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிட முடியுமா?

இதற்கிடையில் என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். தேசியச் சான்றை அழிக்க முயன்றது என்று குற்றச்சாட்டு. ஆனால் என் இடத்துக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை என்பதால், நிறுத்திவைக்கப்பட்ட நிலையிலேயே நான் தொடர்ந்து வேலைக்கு வர வேண்டும் என்று இன்னொரு உத்தரவு. அதாவது, கறையை அழிக்கப் பார்த்தவன் என்று என்னை நிறுத்திவிட்டு, கறைக்குக் காவலாக என்னையே உட்காரவைத்திருக்கிறார்கள். சுவருக்கு முன்னால் ஒரு கயிறு கட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு முக்காலி. காலையில் நெற்றிக்காரர்கள் வாசலில் பாடுவார்கள். பிடரிக்காரர்கள் வேலிப் பக்கம் அரசியல் சட்டத்தை உரக்க வாசிப்பார்கள். மதியமானால் இரண்டு சத்தமும் வெயிலில் கரைந்து ஒன்றாகிவிடும். எது பாட்டு, எது சட்டம் என்று எனக்கே தெரியாமல் போய்விடும். இரண்டுமே தாலாட்டு மாதிரித்தான் காதில் விழும்.

அப்படி ஒரு மதியம் ஸ்தாபகரே வந்தார். கனவு என்று நீங்கள் சொல்வீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற அதே செருப்பைப் போட்டுக்கொண்டு, சத்தம் கேட்காமல் வந்தார். தபால்தலையில் இருப்பதைவிடக் குள்ளம். முகத்தில் நல்ல அசதி. கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்த இடத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். "இல்லீங்கய்யா, காலியாத்தான் இருக்கு" என்றேன். கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன், குனிந்து உள்ளே போனார். கையைத் தரையில் ஊன்றி மெதுவாக உட்கார்ந்தார், முட்டி சொடுக்கியது. நாடே கேட்கிற கேள்வி என் வாயில் இருக்கிறது. "ஐயா" என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி, "வெளியில என்ன சத்தம்?" என்றார். "உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்காங்க." அவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "இன்னுமா?" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். இலை நிழல் அவர் முகத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நெற்றியா, பிடரியா, முதல் வரியில் கடவுள் வேண்டுமா, வேண்டாமா, எல்லாம் கேட்டிருக்கலாம். எழுப்ப மனசு வரவில்லை மச்சான். அவ்வளவு அசந்து தூங்குகிற மனுஷரை நாட்டுக்காகக்கூட எழுப்ப முடியாது.

அடுத்த வாரம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை விசாரணைக்குப் போட்டார்கள். நல்ல மனுஷர், மெலிந்த உடம்பு, காதில் கருவி. இடத்தை நேரில் பார்க்கிறேன் என்று மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வந்தார். அந்த நேரத்துக்கு வராதீர்கள் என்று யார் அவரிடம் சொல்வது? அறையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டோம். தலைவரும் பேராசிரியரும் ஆளுக்கொரு கட்டுக் காகிதத்தோடு தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், வேறு இடமில்லை. கதவோரம் ஒரு காவலர். வாளிக்கு மேலே கேமராவைப் பிடித்துக்கொண்டு தொலைக்காட்சிக்காரர், நேரடி ஒளிபரப்பு. தலைவர் ஆரம்பித்தார். "நம்முடைய ஸ்தாபகர் ஒரு மாபெரும் பக்தர்" என்றார். காற்று வந்தது. "மாபெரும்" என்று மறுபடி சொன்னார். இலை நிழல் வந்து அவர் மடியில் விழுந்தது. "மா" என்றார். அதற்குமேல் வரவில்லை. மறுப்புச் சொல்ல வாயைத் திறந்த பேராசிரியருக்கு அது கொட்டாவியாக மாறிவிட்டது, மூக்குக்கண்ணாடி மெதுவாக மூக்கின் நுனிக்கு இறங்கியது. காவலர் கதவில் சாய்ந்தார். நீதிபதியின் மோவாய் நெஞ்சைத் தொட்டது. கேமராக்காரரின் கை தாழ்ந்து தாழ்ந்து, நாடு முழுக்க ஜனங்கள் நேரடி ஒளிபரப்பில் ஒரு வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மட்டும் விழித்திருந்தேன் மச்சான். வாழ்க்கையில் ஒரு தடவை. தலைவருடைய தலை சாய்ந்து சாய்ந்து பேராசிரியரின் தோளில் போய் உட்கார்ந்தது. பேராசிரியர் தூக்கத்திலேயே அவருக்கு வாகாகத் தோளைச் சற்று இறக்கிக் கொடுத்தார். வெளியே பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும்கூட மரத்தடியில் சாய்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது, சத்தமே இல்லை. இத்தனை நாளாக ஒருத்தரை ஒருத்தர் தின்றுவிடுகிற மாதிரி கத்தினவர்கள், ஒரே மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரும் எழுந்துவிடக் கூடாதே என்று மனதார வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள், அதற்கும் ஒரு விசாரணை வைப்பார்கள்.

யாருடைய கைபேசியோ அடித்துக் காரியத்தைக் கெடுத்தது. நீதிபதி விழித்தார், வாயோரம் துடைத்துக்கொண்டார், அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். நல்ல மனுஷர் என்று சொன்னேன் இல்லையா, மனதில் பட்டதைச் சொல்லிவிட்டார். "இந்த அறையோட குணத்த நானே அனுபவிச்சுப் பார்த்துட்டேன். நெற்றியும் இல்லை, பிடரியும் இல்லை, அவர் இங்க தூங்கியிருப்பார்னு தோணுது" என்றார். அவ்வளவுதான். தலைவரும் பேராசிரியரும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்தார்கள். எங்கள் ஸ்தாபகரா, தூங்கினாரா? தலைவரின் கன்னத்தில் பேராசிரியருடைய சட்டையின் மடிப்பு அச்சாகப் பதிந்திருந்தது, அந்தக் கன்னத்தோடு கத்தினார். சாயங்காலம் இரண்டு கட்சியும் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். "தூங்கவில்லை, தூங்கவில்லை, ஸ்தாபகர் தூங்கவில்லை" என்று ஒரே கோஷம். நாடு ஒற்றுமையாகிவிட்டது என்று பத்திரிகைகள் பாராட்டின. விடிவதற்குள், தூங்காமல் என்ன செய்தார் என்பதில் மறுபடி பிரிந்துவிட்டார்கள்.

நீதிபதி ஆடிப்போய்விட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ ஏதோ மச்சான்னு சொன்னதாச் சொன்னாங்களே, அப்படி ஒருத்தர் நிஜமாவே இருக்காரா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். "அவரக் கூட்டிட்டு வா. தலைய வெச்சுக் காட்டட்டும். பொருந்தினா இது வெறும் கறை, நீ வெள்ளையடிக்கலாம். அவர் வரலேன்னா இது ஸ்தாபகரோடதுதான்னு எழுதியாகணும். அப்புறம் அதை அழிக்கப் போனவனுக்கு என்ன ஆகும்னு உனக்கே தெரியும்" என்றார். தெரியும். வேலை போகும். வேலையோடு சேர்த்துக் கொடுத்த பின்பக்கத்து வீடும் போகும். உங்கள் தங்கை தையல் இயந்திரம் போட்டிருக்கிற ஜன்னலோரம், அவள் ஓயாமல் தேய்த்து வழவழப்பாக்கிய சமையல் மேடை, எல்லாம் போகும். இந்த வயதில் அவளை எந்த வாடகை அறைக்குக் கூட்டிக்கொண்டு போவேன்? எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான்.

உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கண்ணயராப் பணிப் பதக்கம் வாங்கியவர் நாட்டின் முன்னால் போய், ஆமாம், கண்ணயர்ந்தேன் என்று தலையைச் சாய்த்துக் காட்ட வேண்டும். உங்கள் மகனும் மருமகளும் பார்ப்பார்கள். உங்கள் தங்கை பார்ப்பாள். அவளுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். அவள் மனதில் நீங்கள் கண் மூடாமல் நிற்கிறீர்கள், அந்த நிலையிலிருந்து உங்களை உட்காரவைக்கிற பாவம் என்னைச் சேரட்டும். தூங்குவது அப்படி என்ன குற்றம்? நாட்டை ஆக்கினவரே என்னிடம் வந்து இடம் கேட்டார். ஆனால் இதையெல்லாம் அவளிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

பேருந்து நிலையத்துக்கு நானே வந்து நிற்கிறேன். நீங்கள் வழக்கமாகத் தடவுகிற எண்ணெயையே தடவிக்கொண்டு வாருங்கள், பேராசிரியர் வாசனையைக்கூடச் சோதித்தாலும் சோதிப்பார். தயவுசெய்து வழியில் முடிவெட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்கு நீண்ட ஆயுளும், உங்கள் முட்டிக்கு வலுவும், பேரனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடும் கிடைக்கட்டும். மருமகளுக்கு என் அன்பு. அண்ணியாரின் படத்துக்கு என் வணக்கம்.

உங்கள் காலடியில் காத்திருக்கும்,
தங்கை கணவன்

பின்குறிப்பு: அண்ணா, நான்தான். இவர் நேத்து ராத்திரி இதை எழுதி முடிச்சிட்டு, இது மேலயே தலைய வெச்சுத் தூங்கிட்டார். காகிதத்துல எண்ணெய்க்கறை இருந்தா அது இவருது, அதுக்கும் ஒரு கட்சி ஆரம்பிச்சிடாதே. நான் எடுத்துப் படிச்சேன். இதுல எழுதியிருக்கற எதையும் நீ மனசுல வெச்சுக்க வேண்டாம். நீ சாட்சி சொல்ல வர வேண்டாம். நானே காலையில போய் நீதிபதியப் பார்த்துட்டு வந்துட்டேன்.

அந்தப் பெரிய கறைக்குப் பக்கத்துல, கீழ, சின்னதா இன்னொண்ணு இருக்கு. இத்தனை பேர் வந்து அளந்தாங்களே, ஒருத்தர் கண்ணுக்கும் படலை. எல்லாருக்கும் பெரிய தலைதான் வேணும். நான் நீதிபதிய அங்க கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். "ஐயா, இது என் தலை. மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடம் விட்டா இங்க வந்து உக்காந்திருப்பேன். அப்பவே ஸ்தாபகர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். ரெண்டும் ஒரே காலத்துக் கறை, ஒரே எண்ணெய்" என்றேன். "அப்ப அந்தப் பெருசு யாரோடது?" என்று கேட்டார். "தெரியாதுங்க, யாரோ அசதியில சாஞ்சிருக்காங்க" என்றேன். அவர் குனிஞ்சு அந்தச் சின்னக் கறையத் தொட்டுப் பார்த்தார். அப்புறம், "நல்ல காத்தும்மா இங்க" என்றார். இடம் பார்க்க வந்தவங்க யாரோ சாஞ்ச கறை, வெள்ளையடிக்கலாம், காவலாள் மேல தப்பில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டார். ரெண்டு கட்சிக்காரங்களும் அதைப் படிக்கக்கூட நிக்கலை. வேற ஊர்ல ஸ்தாபகரோட குடை கிடைச்சிருக்காம், அவர் அதை மழைக்குப் பிடிச்சாரா வெயிலுக்குப் பிடிச்சாரான்னு பார்க்க ஓடிட்டாங்க.

அண்ணா, உன்னைத் தூங்கிப் பார்த்ததே இல்லைன்னு நான் இவர்கிட்ட சாதிச்சதெல்லாம் பொய். தினமும் பார்த்திருக்கேன். பகல்ல இந்த வேலை, சாயங்காலத்துக்கு மேல மூட்டை தூக்கற வேலை. எதுக்குன்னு எனக்குத் தெரியும். என் பள்ளிக்கூடத்துக்கும், என் சட்டைக்கும், என் வயித்துக்கும். நீ மதியம் அந்தச் சுவர்ல சாஞ்சா ஒரு நொடியில போயிடுவே. நான் பக்கத்துல உக்காந்து வாசலப் பார்த்துக்கிட்டே இருப்பேன். தூரத்துல அதிகாரி தலை தெரிஞ்சா இருமுவேன். நீ துள்ளி எழுந்து துடைப்பத்த எடுத்துக்குவே. உனக்கே தெரியாது, உன்னை எழுப்பினது என் இருமல்னு. பாவம், இந்தப் பொண்ணுக்கு நெஞ்சு சளி போகவே இல்லைன்னு எனக்குக் கஷாயம் வெச்சுக் கொடுப்பே. அதையும் வாய் பேசாம குடிச்சேன். நீ தூங்கினேன்னு நான் சொன்னா, ஏன் தூங்கினேன்னும் சொல்லணும். அதைச் சொன்னா எனக்கு அழுகை வந்துடும். அதனாலதான் நீ கண்ணே மூடினதில்லைன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

இவர் இன்னைக்கு அந்த அறைக்கு வெள்ளையடிச்சு முடிச்சிட்டார். ரெண்டையும் சேர்த்தே அடிச்சிடுங்கன்னு நான்தான் சொன்னேன்.

நீ வா அண்ணா. யாருக்கும் எதையும் காட்ட வேண்டாம். நாலு நாள் இங்க இரு. மதியம் சாப்பிட்டுட்டு, பட்டப்பகல்ல, காலை நீட்டிப் படுத்துத் தூங்கு. யார் வந்தாலும் நான் இருமறேன்.